பால் வண்டியில் வந்த ஓடிபி

ராஜபாளையம்
2.6.2025

தங்கை மகாலட்சுமிக்கு,

அண்ணன் சோலைராஜ் எழுதுவது. நானும் உன் மதினி செல்லக்கனியும் சுகம். படி ஏறும்போது மட்டும் என் முழங்கால் கணக்குக் கேட்கிறது. மாப்பிள்ளை சிவபாண்டியும் நீயும் பிள்ளைகளும் சௌகரியம்தானே.

இரண்டு வருஷமாகப் பேசாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சபையில் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்ன சொல்லை அளந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இங்கே பேண்டேஜ் துணி வியாபாரிகள் சங்கத்தில் பாதுகாப்பான இணையத்துக்கென்று ஒரு பிரச்சாரக் குழு போட்டு, என்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள். போன வருஷம் எவனோ ஒருத்தன் நம் ஆள் ஒருவர் பேரில் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பொய் மெயில் போட்டு, ஊர்ப் பேரைக் கெடுத்துவிட்டான். அதனால் கடைக்குக் கடை மெயிலுக்கு இரண்டு பூட்டு போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்று பாஸ்வேர்டு. இன்னொன்று போனுக்கு வரும் ஓடிபி.

வெள்ளிக்கிழமை தொடக்கக் கூட்டம். பெரிய திரை கட்டி, என் கடை மெயிலையே திறந்து காட்டினேன். எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறுகிற பட்டனை அமுக்கிவிட்டு, "இப்பப் பாருங்க, திருடன் வந்தா இப்படித்தான் வெளியே நிப்பான்" என்றேன். திரும்ப உள்ளே போகப் பாஸ்வேர்டு அடித்தேன். 'நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்' என்று திரையில் ஆளுயரத்துக்கு வந்தது.

அது உன் நம்பர். கம்ப்யூட்டர் வாங்கின காலத்தில் அந்தக் கணக்கைத் திறந்தவள் நீ. பிறகு அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் அம்புட்டுப் பேரும் என் சட்டைப் பையையே பார்த்தார்கள். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி டீ கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமை உன் போனுக்கு வந்த ஆறு எண்ணைத் தாளில் எழுதிப் பால் வண்டிக்கார இருளப்பசாமியிடம் கொடுத்துவிடவும். சோழபுரத்துப் பாலை உன் பால்கோவாக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவன் வண்டி என் கடை வாசலில்தான் நிற்கும்.

இப்படிக்கு,
சோலைராஜ்
தலைவர், பாதுகாப்பான இணையப் பிரச்சாரக் குழு


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.6.2025

அண்ணனுக்கு மகாலட்சுமியின் வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். வெயிலுக்குப் பால் திரிகிறது என்பதைத் தவிரக் குறையில்லை. முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றவும். மதினி சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் சொன்னதாக இருக்கட்டும்.

அந்த எண் வந்தபோது பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடைப் பேரைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். சட்டி அடிப்பிடித்துவிட்டது. அது போகட்டும்.

கேட்ட எண்: 604218.

பாலகணேஷ் இரண்டாம் வகுப்பு போகிறான். சின்னவள் மாரீஸ்வரி பேசக் கற்றுக்கொண்டாள், நிறுத்தக் கற்றுக்கொள்ளவில்லை.

அன்புடன்,
மகாலட்சுமி


ராஜபாளையம்
4.6.2025

தங்கைக்கு,

சுகம். நல்லெண்ணெய் தேய்த்தேன், பரவாயில்லை.

நீ அனுப்பிய எண் தப்பு. சங்க ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பானுப்பிரியாவை வைத்து மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் சிவப்பு எழுத்து. அவசரத்தில் எண்ணை மாற்றி எழுதிவிட்டாய் போல. நிதானமாகப் பார்த்து எழுதி அனுப்பு.

இன்னொன்று. கவரை ஒட்டி அனுப்பு. இருளப்பசாமி என் வாசலில் டீ குடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கணும்" என்கிறான்.

இத்துடன் எங்கள் குழு நோட்டீஸ் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். உன் கடைத்தெருவிலும் கொடு. பிரச்சாரம் அங்கேயும் பரவட்டும்.

இப்படிக்கு,
சோலைராஜ்
தலைவர், பா.இ.பி. குழு


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.6.2025

அண்ணனுக்கு வணக்கம். முழங்கால் தேவலை என்று கேட்டுச் சந்தோஷம்.

எண் சரி. நேரம்தான் தப்பு. அந்த மெசேஜில் எண்ணுக்குக் கீழேயே, பத்து நிமிஷத்துக்கு மட்டும் செல்லும் என்று போட்டிருக்கிறது. எண் வந்தது வெள்ளிக்கிழமை. உங்களிடம் வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. பாலே அதற்குள் தயிராகியிருக்கும்.

பால் வண்டி இங்கே கிளம்பி உங்கள் வாசலுக்கு வர முக்கால் மணி நேரம். எந்த எண்ணும் அதில் உயிரோடு வந்து சேராது. நீங்கள் ஒரு போன் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை. என் நம்பர் மாறவில்லை என்பதை நீங்களே பெரிய திரையில் பார்த்தீர்கள்.

கவரை ஒட்டியிருக்கிறேன்.

மகாலட்சுமி


ராஜபாளையம்
7.6.2025

தங்கைக்கு,

எல்லோரும் நலம். பத்து நிமிஷம் என்பதை நோட்டீஸில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

போன் போடச் சொல்கிறாய். சபையில் சொன்ன சொல்லை ஆறு எண்ணுக்காக மாற்றினால் நாளைக்கு என் வாய் வார்த்தையை நம்பி எந்தத் தறிக்காரன் பாவு பூட்டி நெய்து தருவான்? அது நடக்காது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் பட்டனை அமுக்குகிறேன். அந்த நிமிஷமே செல்லக்கனி உனக்குப் போன் போடுவாள். எண்ணை அவளிடம் சொல்லிவிடு. யாருடைய சொல்லும் கெடாது.

கவரை ஒட்டியும் பயனில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான். தடித்த கவராக வாங்கு.

இப்படிக்கு,
சோலைராஜ், தலைவர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.6.2025

அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் சுகம்.

நேற்று பத்து மணிக்கு எண் வந்தது. மதினி போனும் வந்தது. நான் எண்ணைச் சொல்லவில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன், கோபப்பட வேண்டாம்.

கடைத்தெருவில் கொடுப்பதற்கு முன்னால் நானே உங்கள் நோட்டீஸைப் படித்தேன். விற்கிற சரக்கைத் தின்று பார்க்காமல் விற்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அதில் இப்படி இருக்கிறது: 'ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மேனேஜர் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும், சொந்தக்காரர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.' சொந்தக்காரர் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

மதினி, "ஏட்டி, நான்தான் செல்லக்கனி பேசுதேன், நம்பரைச் சொல்லு" என்றார்கள்.

"குரல் மதினி குரலாத்தான் இருக்கு. ஆனா இப்போ திருடன் குரலையே போலியாச் செஞ்சுருதானாம். அண்ணன் நோட்டீஸ்ல போட்டிருக்காக" என்றேன்.

"கூறுகெட்டவளே, ஒங்க அண்ணன் பக்கத்துலதான் முழிச்சுக்கிட்டு நிக்காக."

"அப்போ போனை அவுககிட்டக் குடுங்க. அவுக கேட்டா, அவுக கணக்குதானே, சொல்லுதேன்."

மதினி யாரிடமோ, "வாங்கித்தான் பேசுங்களேன்" என்றது கேட்டது. பொறவு போன் கட்டாகிவிட்டது.

மகாலட்சுமி


ராஜபாளையம்
14.6.2025

மகாலட்சுமிக்கு,

உடம்பு நலம். மனசு நலமில்லை.

நீ விளையாடுகிற விளையாட்டில் என் கடை மாட்டிக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் வருஷ ஆர்டருக்கு மெயில் போட்டிருக்கிறார்கள், கூட்டத்துக்கு முந்தின நாள் பார்த்தது. ஆடி முடிவதற்குள் அதே மெயிலில் பதில் போக வேண்டும். புது மெயில் ஒன்று திறந்து அதிலிருந்து எழுதினேன். 'நீங்கள் யாரென்று எங்களுக்கு உறுதியாகவில்லை. பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதவும்' என்று பதில் வந்தது. பதினைந்து வருஷமாக என் துணியால் காயம் கட்டுகிறவன் என்னை யாரென்று கேட்கிறான். ஆனால் தப்புச் சொல்ல முடியாது. போன வருஷம் பட்ட அடி அப்படி.

மெயில் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன். கணக்கை எந்த மாதம் திறந்தீர்கள், முதல் பாஸ்வேர்டு என்ன என்று கேட்கிறார்கள். எல்லாம் உனக்குத்தான் தெரியும். சங்கத்திலோ, "தலைவர் மொதல்ல உள்ளே போகட்டும், நாங்க பொறவு பூட்டுறோம்" என்று சிரிக்கிறார்கள். ஒரு கடையிலும் இரண்டாவது பூட்டு விழவில்லை.

நான் பேசாததற்குக் காரணம் உனக்கு மறந்திருந்தால் எழுதுகிறேன். பாலகணேஷ் காதுகுத்து. தாய்மாமன் மடி. லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் நம் சித்தப்பா மகன் தனுஷ்கோடி மடியில் பிள்ளை இருக்கிறான். ஒரு காது குத்தியாகிவிட்டது. சரி, அடுத்த காதுக்காவது என் மடியில் வையுங்கள் என்றேன். ஆசாரி, "நடுவுல மடி மாத்தக் கூடாது" என்றார். சபையே சிரித்தது. நீயும் முந்தானையை வாயில் வைத்தாய். நான் பார்த்தேன்.

சோலைராஜ்
தலைவர்


ராஜபாளையம்
16.7.2025

தங்கைக்கு,

ஒரு மாசமாக உன்னிடமிருந்து பதிலில்லை. தினமும் வண்டி வருகிறது, இருளப்பசாமி வெறுங்கையோடு டீ குடித்துவிட்டுப் போகிறான்.

கேட்டால், "அக்கா நோட்டீஸை வெச்சிக்கிட்டுக் கடை கடையா ஏறி எறங்குதாக அண்ணாச்சி. அங்கன எல்லாரும் பூட்டிட்டாக. ஒங்க ஊர்லதான் ஒருத்தரையும் காணோம்" என்கிறான். நான் மைக் வைத்து மூன்று கூட்டம் போட்டும் நகராத வேலை. நீ என்ன சொல்லிப் போட வைத்தாய்? இது குழுத் தலைவராகக் கேட்பது.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இது அண்ணனாகக் கேட்பது.

சோலைராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.2025

அண்ணனுக்கு வணக்கம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆடிப்பூரத் தேர் நல்லபடியாக ஓடியது. தேர்க் கூட்டத்தில் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லை.

உங்கள் போன கடிதத்துக்கு முந்தினதற்கு நாலு பதில் எழுதினேன். நாலையும் இருளப்பசாமி படிக்க வேண்டாம் என்று அடுப்பில் போட்டேன்.

முதலில் தலைவருக்குப் பதில். பாதுகாப்பு என்று சொன்னால் வியாபாரி கொட்டாவி விடுவான். நான் அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. கருத்தம்மாள் அக்கா கடையில் போய், "எதிர்க்கடைல நேத்தே போட்டாச்சே, நீங்க போடலியா?" என்றேன். எதிர்க்கடையில் போய், "கருத்தம்மாள் அக்கா போட்டாச்சு" என்றேன். சாயங்காலத்துக்குள் இரண்டு கடையிலும் பூட்டு விழுந்தது. நான் சொன்னது அந்த ஒரு பகல்தான் பொய். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் போட்டார்கள். நம் ஊர்ப் பேரில் எவனோ மாவு கலந்த போலிப் பால்கோவாவை இன்டர்நெட்டில் விற்கிறானே, அதைப் பார்த்துக் கடைப் பேரில் பொய் மெயில் போக முடியாதபடியும் செய்துகொண்டார்கள். ஒருவர் மட்டும், "நீங்கதான் எப்பவும் போனை எடுப்பீக, ஒங்க நம்பரையே போட்டுருங்க" என்றார். "அப்படிப் போட்டு ஒரு குடும்பம் படுத பாடு போதும்" என்று அவர் நம்பரையே போட வைத்தேன்.

இனி அண்ணனுக்கு. நல்ல நேரம் முடிய முடிய, வாசலுக்கும் பிள்ளைக்குமாக நான் நடந்த நடை ஆசாரிக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கத்தான் வைத்தேன் என்று எப்படித் தெரியும்? இதற்கு மேல் எழுதினால் இதுவும் அடுப்புக்குப் போய்விடும்.

ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்றுதான் உங்கள் நோட்டீஸ். கணக்குக்காரர் பார்க்கக்கூடாது என்று இல்லை. ஒரு நாள் கடைக்கு வாருங்கள். பட்டனை அமுக்குங்கள். போனைக் கல்லா மேல் வைக்கிறேன். நான் சொல்லவும் வேண்டாம், நீங்கள் பேசவும் வேண்டாம்.

மகாலட்சுமி


ராஜபாளையம்
4.8.2025

தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

உன் கடையில் நடந்ததை நீயும் பார்த்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். நீ போனை வைத்தாய், பக்கத்தில் ஒரு தட்டில் பால்கோவா வைத்தாய். நான் எண்ணைப் பார்த்து அடித்தேன். கதவு திறந்தது. பழைய நம்பரை எடுத்துவிட்டு என் புது நம்பரைப் போட்டேன். என் பழைய சிம்முக்கு ஊரில் இருக்கிற ஏமாற்றுக்காரன் எல்லாம் அழைக்கிறான் என்று போன வாரம்தான் அதை மூடிவிட்டுப் புதிது வாங்கினேன். ஆஸ்பத்திரிக்கு உன் கடையிலிருந்தே பதில் போட்டேன். ஆர்டர் உறுதி. சங்கத்தில் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். உன் வழியைத்தான் பிடித்தேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க எல்லாரும் போட்டாச்சு" என்றேன். மத்தியானத்துக்குள் பானுப்பிரியாவுக்குச் சாப்பிட நேரமில்லை.

கால் கிலோ வாங்க வந்த ஒரு அம்மா உன்னிடம், "அண்ணாச்சிக்குப் பேச வராதா?" என்று கேட்டார்கள். நீ, "வரும், கொஞ்சம் நேரமாகும்" என்றாய். எனக்குக் கேட்டது.

பிறகு உன் மகள் மாரீஸ்வரி என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க யாரு?" என்றாள். அவளோடு பேச மாட்டேன் என்று நான் எந்தச் சபையிலும் சொல்லவில்லை. பதில் சொல்ல ஒரு தடையும் இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்காரன் கேட்டபோது கோபம் வந்தது. அவள் கேட்டபோது கோபமும் வரவில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அவள் காது இரண்டும் குத்தாமல் மூளியாக இருந்தது. மூன்றரை வயசுப் பொம்பளைப் பிள்ளை. வீட்டுக்கு வந்து செல்லக்கனியிடம் சொன்னேன். "அது எதுக்குக் காத்துக்கிட்டு இருக்குன்னு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி என் கடை எண் எதுவும் உன் போனுக்கு வராது. கிண்டும்போது கரண்டியை வைக்க வேண்டியதில்லை.

சோலைராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.8.2025

அண்ணனுக்கும் மதினிக்கும் மகாலட்சுமியின் வணக்கம்.

எல்லோரும் சுகம். இனி உங்கள் கடை எண் வராது என்பது முதல் வாரம் கொஞ்சம் என்னவோ போல இருந்தது.

பார்க்கிறவர்கள் எல்லாம், "பொம்பளைப் பிள்ளை காதை இப்படியா வெச்சிருப்பாக" என்றார்கள். கடை வேலை, நேரம் அமையவில்லை என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தேன். இப்போது அமைந்திருக்கிறது. ஆவணி பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, மடவார் வளாகம் கோயில். காலை ஏழரை மணிக்கு. பத்திரிகை இத்துடன் இருக்கிறது. தாய்மாமன் பேரைப் போட்டாகிவிட்டது. அச்சடித்ததை மாற்ற முடியாது.

ஆசாரி அதே ஆசாரிதான். வேறு ஆள் கிடைக்கவில்லை.

மாரீஸ்வரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அன்றைக்கு வந்தது யாரென்று. நான் சொல்லவில்லை. கேட்டது உங்களை.

மகாலட்சுமி


ராஜபாளையம்
23.8.2025

மகாலட்சுமிக்கு,

இங்கே சுகம். முழங்காலும் சுகம். மடி போடும் அளவுக்குச் சுகம்.

பத்திரிகை கிடைத்தது. எனக்கு வந்ததில் ஏழரை மணி. இருளப்பசாமிக்குக் கொடுத்ததில் ஒன்பதே கால். ஒரே ஒரு ஆளுக்கென்று தனியாகப் பத்திரிகை அடித்த வீடு உன் வீடாகத்தான் இருக்கும். வியாபாரியிடம் வியாபாரி வேலையைக் காட்டாதே. முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுகிறேன். லாரி, லோடு, ஆஸ்பத்திரி எல்லாம் இரண்டு நாள் நிற்கட்டும். செல்லக்கனி கம்மல் எடுத்துவிட்டாள்.

பத்திரிகையைப் பார்த்த கையோடு நேற்று மத்தியானம் உனக்குப் போன் போட்டேன். மூன்று தடவை மணி அடித்தது. நீ எடுக்கவில்லை. நாலாவது தடவை அடிக்கவே இல்லை. இன்று காலை இருளப்பசாமி சொல்கிறான்: "எவனோ திருட்டுப்பய புது நம்பர்லருந்து விடாம அடிக்கான்னு அக்கா நேத்து பிளாக் பண்ணிட்டாக அண்ணாச்சி. தெரியாத நம்பரை எடுக்கக் கூடாதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்குல்லா."

என் புது நம்பரை ஊரெல்லாம் கொடுத்தேன். உனக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. உனக்குத் தெரியாமல் என்னிடம் ஒரு நம்பர் இருந்ததே கிடையாது, அதனால்தான். செல்லக்கனி தன் போனைத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் பேசுகிறவன் இரவல் போனிலா பேசுவான்?

நம்பரைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பிளாக்கை எடுத்துவிட்டுப் பேர் போட்டு வைத்துக்கொள். திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடி போடுவேன். எண் எதுவும் கேட்க மாட்டேன். சும்மா பேசத்தான். பக்கத்தில் மாரீஸ்வரியையும் வைத்துக்கொள்.

எடு. அது நான்தான்.

அண்ணன்